கை வைக்காத கார்

புங்குடுதீவில் நின்ற கார்களில் மிக வேகமாக ஓடக்கூடியது என் சின்ன மாமாவின் வீட்டில்தான் நின்றது. மிக மெதுவாக ஓடியதும் அதுதான். வேலணைக்குப் போகும் தாம்போதி ரோட்டில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, சின்ன மாமா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் மணி அடித்து முந்திப் போவதைப் பின்சீற்றில் இருந்து நானே பார்த்திருக்கிறேன். முந்தியவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். சின்ன மாமாவும் சிரித்துக் கையைக் காட்டுவார்.

சின்ன மாமாவின் பெயர் ஜெகதீஸ். அம்மாவின் தம்பி; நானும் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளர். முகாமையாளர் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். அரிசி நிறுப்பதும் அவர்தான், மா மூட்டை அடுக்குவதும் அவர்தான், சீனிக்கு வருகிற எறும்போடு மல்லுக்கட்டுவதும் அவர்தான். வெளியூர் ஆட்கள் வழி கேட்டால் சரியாகச் சொல்லிவிட்டு, "பிழையெண்டால் குறை நினைக்காதையுங்கோ" என்பார். பிறந்து வளர்ந்த ஊரில் பஸ் நிற்கிற இடத்தைக் காட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கார் பெரிய மாமா வாங்கியது. பெரிய மாமா சதீசன் கனடாவில். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு என்று வந்தவர், மூன்றாம் நாளே யாழ்ப்பாணம் போய் இந்தக் காரோடு திரும்பினார். யப்பானில் செய்தது. இரண்டே கதவு. பின்பக்கம் மீன் செட்டை மாதிரி ஒன்று. முன்சீற் இரண்டும் ஆளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிற பக்கெற் சீற். எங்கள் ஒழுங்கையில் வந்தபோது அடிப்பாகம் கல்லில் உரசிய சத்தத்துக்கு நாலு வீட்டு நாய் குரைத்தது. கனடாக் குடியுரிமைக்காரர் பெயரில் பதிவது இழுபறி என்று, காரின் பதிவுப் புத்தகத்தைச் சின்ன மாமாவின் பெயரில் எழுதினார்கள்.

பெரிய மாமா லீவு முடியும் வரை ஓடினார். விமான நிலையத்துக்குப் போகிற அன்று, வாடகை வான் வாசலில் நிற்க, கார்த் திறப்பைத் தம்பியின் கையில் வைத்து ஒரு சொல் சொன்னார்.

"வைச்சிரு."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒரு சின்னப் பிள்ளையின் கையில் காசை வைத்து "வைச்சிரு" என்றால், காசு பிள்ளைக்கு. கடைக்குள் போகிறவர் உங்கள் கையில் பையைத் தந்து "வைச்சிரு" என்றால், பை அவருக்கு. சொல் ஒன்றுதான். பெரிய மாமா சொன்னது காசா, பையா? அந்த நேரம் கேட்டிருக்கலாம். வான் றைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். பிறகு எப்படிக் கேட்பது? "அண்ணை, கார் எனக்கோ?" என்றால் பறிக்கப் பார்க்கிறான் என்று ஆகும். "அண்ணை, உங்கட காரை என்ன செய்ய?" என்றால், தந்ததை வேண்டாமென்று தள்ளியதாக ஆகும். சின்ன மாமா கேட்கவில்லை.

சின்ன மாமாவின் மனுசி நிலாந்தி மாமிக்கு இதில் சந்தேகமே இல்லை. "உங்கட பேரில எழுதி, உங்கட கையில திறப்பைத் தந்தவர். இதுக்கு மேல என்ன, நெத்தியில எழுதி ஒட்டோணுமே?" என்பா.

"நீர் பேசாம இரும். ஆருக்கும் கேக்கப் போகுது," என்பார் சின்ன மாமா. கேட்பதற்கு அங்கே என்னையும் இரண்டு ஆட்டையும் தவிர ஒருவரும் இல்லை.

மாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்துக்குப் போய், மெசினில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போனார்கள். போவது பரவாயில்லை. வருவதுதான் கொடுமை. மெசினில் கிடந்து எழும்புகிற ஆளுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒருநாள் அல்லைப்பிட்டிக்குக் கிட்ட, கம்பியைப் பிடித்து நின்ற மாமி அப்படியே சரிந்து, யாரோ ஒருவரின் கத்தரிக்காய்ப் பையின் மேல் விழுந்துவிட்டா. அந்த வெள்ளிக்கிழமைதான் சின்ன மாமா காரின் உறையை முதல் தடவையாகக் கழற்றினார். ஓட்டோ பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். சங்கக்கடைச் சம்பளத்தில் மாதத்தின் முதல் கிழமைக்குப் பிடிக்கலாம்.

பந்தயத்துக்கென்று இறுக்கிய கார். ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லும். அதனால்தான் அந்த ஊர்வலம். பக்கெற் சீற்றுக்கு மாமி வைத்த பெயர் வாளி. "போகேக்க வாளியில நான் மனுசி. வரேக்க வாளியில கிடக்கிற மீன்," என்பா. ஆனால் அந்த வாளி ஆளைச் சரிய விடாது. மயக்கம் வந்தாலும் இருந்தபடி மயங்கலாம். அதைவிட மாமிக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்து வேகக்காரர்கள் தீவுக்கு வருவார்கள். இப்படிக் கார்கள் ஏழெட்டு, தாம்போதியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து குறிகட்டுவான் படகுத்துறையில் நிற்கும். பாதிப்பேர் படகேறி நயினாதீவு அம்மனிடம் போவார்கள். மிச்சப்பேர் பொனற்றைத் திறந்துவைத்து, உள்ளே அம்மன் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குத் தலைவர் ரஜீபன் அண்ணை. நகைக்கடைக்காரரின் மகன், நல்ல மனுசன். ஒருநாள் எங்கள் வாசலில் செட்டையைக் கண்டு சடக்கென்று பிரேக் பிடித்தவர், அன்றே இரண்டு மாமாமாரையும் தங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவின் பெயர் 'வடக்கின் வேகம்'. நான் அதை 'வடக்கின் வாய்' என்பேன்.

பெரிய மாமா அங்கே பொழுதெல்லாம் எழுதினார். சின்ன மாமா எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கை படம் போட்டார். எஞ்சின் எரிந்தது என்று ஒருவர் படம் அனுப்பினாலும் கும்பிடு. அதை நான்தான் பிறகு அழித்துவிட்டேன்.

இந்த வருடம் மாசியில் பெரிய மாமா குழுவில் ஒரு கேள்வி கேட்டார்: "என்ர காருக்கு சுப்பர்சார்ஜர் பூட்டட்டோ?"

'என்ர கார்' என்ற இடத்தைச் சின்ன மாமா திருப்பி வாசித்தார். பிறகு, "பழக்கத்தில சொல்லுறார்," என்றார்.

சுப்பர்சார்ஜர் என்றால் எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாக ஊதித் தள்ளுகிற சாமான். கூடக் காற்று, கூட எரிவு, கூடப் பாய்ச்சல். சோளகக் காற்று குடிக்கிற தேத்தண்ணியையே கோப்பையிலிருந்து தூக்குகிற ஊரில், காற்றை யப்பானில் இருந்து காசு கொடுத்து எடுப்பிக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். குழுவில் இல்லை, வீட்டில்.

குழு இரண்டாகப் பிளந்தது. நான் குரல் செய்திகளை ஒவ்வொன்றாகப் போட, சின்ன மாமா கடைக் கணக்குமேசையில் நாடிக்குக் கை கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சதீஸ் அண்ணை," என்றார் ரஜீபன் அண்ணை, "இப்ப மிதிச்சா உங்கட கார் யோசிக்குது. சுப்பர்சார்ஜர் பூட்டினா யோசிக்காது, பாயும்."

கோண்டாவில் டொக்டர் ஒருவர் குழுவில் இருந்தார். அவர் உடனே வந்தார். "பாய்ஞ்சு எங்கயப்பா போறது? பண்ணைப் பாலத்தில ஏறினா குறிகட்டுவானோட ரோட்டு முடிஞ்சுது. அங்கால கடல்."

"டொக்டர், நீங்கள் கார் வாங்கினது ஓடவோ விக்கவோ?" என்றார் ரஜீபன் அண்ணை.

"வாங்கிற அண்டைக்கே விக்கிறதை யோசிக்கோணும். உந்தச் சாமானைப் பூட்டின காரை ஆர் வாங்குவான்? எஞ்சினை என்ன பாடு படுத்தினாங்களோ எண்டு பயந்து ஓடுவான்."

"பழைய சாமானைக் கழட்டிப் பெட்டியில வைச்சா, விக்கேக்க திருப்பிப் பூட்டலாம்."

"கழட்டின தடம் இருக்குமடாப்பா. கலியாணம் குழம்பினவன் மோதிரத்தைக் கழட்டிப்போட்டுப் பெண் பாக்கப் போன மாதிரி."

பெரிய மாமா இடையில் வந்தார். "பூட்டின காசு விக்கேக்க திரும்பி வருமோ, அதைச் சொல்லுங்கோவன்."

"சதமும் வராது," என்றார் டொக்டர். "விருப்பமுள்ளவன் வந்தா மேலயும் வரும்," என்றார் ரஜீபன் அண்ணை. கிழமைக் கணக்கில் இது நடந்தது. தாம்போதியில் இதே ஆட்கள் இதையே நேரில் கத்தினார்கள்.

சின்ன மாமாவுக்குக் குதிரைவலுவும் விலையும் கணக்கில்லை. ரஜீபன் அண்ணை போகிறபோக்கில் சொன்ன ஒரு வசனம்தான் அவர் நித்திரையைக் கெடுத்தது: "சாமான் வந்து, பூட்டி, செற் பண்ணி எடுக்க ரெண்டு மூண்டு மாசம் கார் கராஜில நிக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமி விடவில்லை. "அண்ணைக்கு எடுத்துச் சொல்லுங்கோ. மனுசியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறதே இந்தக் காரிலதான் எண்டு."

"அவருக்கு உமக்கு வருத்தமெண்டு தெரியும்."

"வருத்தம் தெரியும். வாளி தெரியாது."

"சொன்னா, உனக்கெண்டோ தந்தனான் எண்டு கேட்டா?"

"கேட்டாக் கேக்கட்டும்."

"கேட்டாப் பிறகு ஒண்டும் செய்யேலாது, நிலாந்தி. இப்ப அவர் கேக்கேல்லத்தானே."

அவர் அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்துக்குள்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் சின்ன மாமா ஒரு வேலை செய்தார். குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். கடையின் பின்னறையில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவில், என்னைப் போனைப் பிடிக்கச் சொல்லி நின்றார். முதல்தடவை வணக்கத்துக்கு மேல் போகவில்லை. அடுத்த தடவை சேவல் கூவியது. பிறகு ஒருமாதிரிக் கதைத்து முடித்தார்.

"வணக்கம் எல்லாருக்கும். நான் ஜெகதீஸ், சதீஸ் அண்ணையின்ர தம்பி. எனக்கு உங்களை மாதிரி விசயம் தெரியாது. சங்கக்கடையில தையல் பிரிக்காத மூட்டையெண்டா சனம் அப்பிடியே தூக்கிக்கொண்டு போகும். ஒருக்காப் பிரிச்சுத் திருப்பித் தைச்சதெண்டா, உள்ளுக்கு எவ்வளவு திறம் அரிசி இருந்தாலும் கையை விட்டுப் பாப்பினம். காரும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். கை வைக்காத கார் எண்டு சொல்லுறதுக்கு ஒரு விலை இருக்கு. அதை விட்டா திரும்பி வராது. பிழையெண்டால் குறை நினைக்காதையுங்கோ."

அனுப்பிவிட்டு வேர்த்துப்போய் மூட்டையில் உட்கார்ந்தார். போன் அதிரத் தொடங்கியது. டொக்டர் கைதட்டுப் படம் ஒரு வரிசை போட்டார். "இதைத்தானே நான் கிழமைக்கணக்கா தொண்டை கிழியக் கத்தினனான்!" முன்பின் வாய் திறக்காதவர்களும் வந்து தையல் பிரிக்காத மூட்டை, தையல் பிரிக்காத மூட்டை என்றார்கள். கடைசியில் ரஜீபன் அண்ணையே, "அண்ணை சொல்லுறது ஞாயம்," என்று எழுதினார். நான் போய் இரண்டு சோடா எடுத்து வந்தேன். சின்ன மாமா என்னைக் காசு வைக்கச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தை வென்றிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய மாமா வீடியோவில் வந்தார். நாங்கள் மூன்று பேரும் குசினியில் இருந்தோம். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"டேய் ஜெகன், உன்ர மூட்டைக் கதையைக் கேட்டு ரெண்டு நாளா யோசிச்சனான். நீ சொன்னது முழுக்கச் சரி."

"ஓம் அண்ணை."

"சுப்பர்சார்ஜர் வேண்டாம். விட்டாச்சு."

மாமி அடுப்படியில் நின்று கண்ணை மூடித் திறந்தா.

"அதோட இன்னொண்டு," என்றார் பெரிய மாமா. "கை வைக்காத காருக்கு விலை இருக்கிறது இப்பதான். நிப்பாட்டி வைச்ச இறக்குமதியைத் திறந்திட்டாங்கள். புதுக் காருகள் வந்து இறங்கினா இந்தக் காரை ஆர் பாப்பான்? விலை விழ முதல் விப்பம். நீ சொல்லித்தான் எனக்குக் கண் திறந்தது."

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.

"நீ வடிவாப் பாத்து வைச்சிருந்த படியாத்தான் கார் இப்பிடி இருக்கு," என்றார் பெரிய மாமா. "வேற ஆரும் எண்டா இவ்வளவுக்கு ஓடி முடிச்சிருப்பாங்கள். என்ன, சத்தத்தைக் காணேல்ல?"

"ஓம் அண்ணை," என்றார் சின்ன மாமா. "விப்பம்."

காசா பையா என்பதற்குப் பதில் வந்துவிட்டது. கேட்காமலே வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. வாங்க வருகிறவன் ஓட ஏலாமல் சைலன்சருக்குள் தேங்காய்ப் பொச்சு அடையலாம் என்றேன். சீற்றுக்குக் கீழே திருக்கைக் கருவாடு வைக்கலாம் என்றேன். இந்தக் காரில் பேய் இருக்கிறது என்று குழுவில் பரப்பலாம், அதற்கு எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். மாமி சிரித்தா. சின்ன மாமா, "விசர்க் கதை கதையாதை," என்று சொல்லிவிட்டு, காரைக் கழுவ வாளி எடுத்துக்கொண்டு போனார். வாங்க வருகிறவர் பார்க்கும்போது ஊத்தையாக நின்றால் அண்ணைக்குத்தான் மரியாதைக் குறைவாம்.

"புத்தகம் உங்கட பேரில. கையெழுத்து வைக்காம விட்டா ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது," என்றா மாமி, கிணற்றடியில் நின்று.

"அது அவர் என்னை நம்பி எழுதினது."

மாமி திரும்பி உள்ளே போனா.

வந்து வாங்கியது வேறு யாருமில்லை, ரஜீபன் அண்ணைதான். சின்ன மாமாவைப் பக்கத்தில் இருத்தித் தாம்போதியில் ஒரு மிதி மிதித்தார். நான் பின்னுக்கு. கடல் இரண்டு பக்கமும் ஒரே கோடாய்ப் போனது. அந்தக் கார் அப்படி ஓடும் என்று எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரியும். திரும்பி வந்து நிறுத்தியதும், சின்ன மாமா கேட்காமலே உண்மையைச் சொன்னார்.

"தம்பி, கார் சும்மா நிண்டதெண்டு நினைக்காதையும். கிழமைக்கு ரெண்டு தரம் மனுசியைக் கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தனான்."

ரஜீபன் அண்ணை மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி வாசலில் கதிரை போட்டிருந்தா. கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் புடைத்திருந்தது. "பெரியண்ணைக்குத் தெரியுமோ?" என்றார், குரலைத் தணித்து.

"அவர் கேக்கேல்ல."

"நான் சொல்லமாட்டன் அண்ணை. பயப்பிடாதையுங்கோ." பிறகு, "அப்ப இனி அக்காவை எப்பிடிக் கொண்டுபோவியள்?"

"பஸ் இருக்குத்தானே."

"ஏதும் அவசரமெண்டா எனக்கு அடியுங்கோ. எந்த நேரமெண்டாலும்," என்றார் ரஜீபன் அண்ணை. மெய்யாகவே சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் அவசரத்தில் சேர்த்தியா என்று கேட்க என் வாய் உன்னியது. சின்ன மாமா என் காலை மிதித்தார்.

"சுப்பர்சார்ஜர் பூட்டுவீரோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ரஜீபன் அண்ணை வெட்கப்பட்டார். "சாமான் சொல்லியாச்சு அண்ணை. கை வைக்காத எஞ்சின்தானே, நல்லாத் தாங்கும்."

கையெழுத்து யாழ்ப்பாணத்தில். செவ்வாய்க்கிழமை என்றார்கள். மாமியையும் அன்றுதான் கொண்டுபோக வேண்டும் என்பதால், ஒரே பயணமாகப் போகலாம் என்று சின்ன மாமா ஒத்துக்கொண்டார். அவருடைய எல்லா ஒத்துக்கொள்ளலுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கும். காலையில் மாமியை உள்ளே விட்டுவிட்டு, ஆசுபத்திரிக்கு முன்னால் உள்ள கந்தோர் ஒன்றில் கையெழுத்து வைத்தார். திறப்பைக் கொடுத்தார். சீற்றுக்குப் பின்னால் கிடந்த மாமியின் தலையணையை எடுக்க மறந்து, ரஜீபன் அண்ணைக்குப் பின்னால் ரோட்டில் ஓடினார். அவர் நிறுத்தித் தந்தார்.

பின்னேரம் மாமியை வெளியே கூட்டி வந்தோம். பஸ் நிலையம் கிட்டத்தான். அந்தக் கிட்டத்தை நடக்க மாமி நாலு இடத்தில் நின்றா. நிழலில் ஒரு வாங்கில் இருத்தியபோது பெரிய மாமா போனில் வந்தார். கனடாவில் விடிந்திருந்தது. சின்ன மாமா போனைக் காதில் வைத்தாலும் எங்களுக்கும் கேட்கும். பெரிய மாமா அப்படித்தான் கதைப்பார்.

"காசு வந்திட்டுதடா! ரஜீபன் பேசின விலையே தந்திட்டான். முழுக்க உன்னாலதான். உனக்கு ஏதும் தேவையெண்டாச் சொல்லு. வெக்கப்படாதை. நாங்கள் பிறகு ஆருக்கு இருக்கிறம்?"

நான் சின்ன மாமாவைப் பார்த்தேன். மாமியும் தலையைச் சுவரில் சாய்த்தபடி அவரைத்தான் பார்த்தா. இப்போது சொல்லலாம். இவ்வளவு அகலமாக வாசல் திறந்து இனி ஒருநாளும் கிடைக்காது. நான் போனுக்குக் கை நீட்டினேன். சின்ன மாமா மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்டும் வேண்டாம் அண்ணை," என்றார். "எல்லாம் இருக்கு."

"நிலாந்தி எப்பிடி?"

"சுகமா இருக்கிறா அண்ணை. பக்கத்திலதான் நிக்கிறா."

வைத்த பிறகு மாமி மெல்லக் கேட்டா. "ஏனப்பா?"

"அந்தாள் நல்ல சந்தோசமா இருக்கு," என்றார் சின்ன மாமா. "அதுக்குள்ள எப்பிடிச் சொல்லுறது?"

குறிகட்டுவான் பஸ் வந்தது. அம்மனிடம் போகிற கூட்டம். தெற்கிலிருந்து வந்த சிங்கள யாத்திரைக்காரரும் ஊர்ச் சனமும் நெருக்கியடித்து ஏறி, நாங்கள் மாமியைப் படியில் ஏற்றி முடிக்க முதல் சீற் எல்லாம் நிரம்பிவிட்டது. சின்ன மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எழும்பச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மாமி கம்பியைப் பிடித்தா. பிடித்த கை நழுவியது.

நான் கத்தினேன். "விலத்துங்கோ, விலத்துங்கோ! மாமிக்கு அம்மாள் போட்டிருக்கு! இப்பதான் கொப்பளம் கிளம்பினது!"

அம்மாள் வருத்தம் என்றால் எங்கள் ஊரில் கொப்பளிப்பான், சின்னம்மை. பக்கத்தில் நின்றாலே தொற்றும். ஒரு பொம்பிளை மாமியை நோக்கிக் கும்பிட்டபடியே பின்னுக்குப் பாய்ந்தா. மூன்று பேர் இருக்கிற சீற் முழுதாகக் காலியானது. அதற்கு முன்சீற்றும் காலி. ஒன்றும் விளங்காத யாத்திரைக்காரரும் மற்றவர்கள் எழும்பியதால் எழும்பினார்கள். கொண்டக்டர் காசு வாங்கக் கையை மட்டும் தூரத்திலிருந்து நீட்டினார்.

மாமியைப் படுக்க வைத்தோம். தலையணை உதவியது. சின்ன மாமா அவவின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் ஏந்தி, ஒவ்வொரு குழிக்கும் அதைச் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பொய்யை அவர் திருத்தவில்லை. பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்க்க, அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்கும்பான் தாண்டியபோது மாமி கண் திறந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"அம்மாள் ஒருத்தருக்கு ஒருக்காத்தானடா வரும்," என்றா, மூச்சு வாங்க. "வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லப்போறாய்?"

"யோசிப்பம் மாமி," என்றேன்.

வேலணை தாண்டும்வரை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.